3,500 சுற்றில் தொலைந்த இழுவை: என் காருக்கு ஹெடர் மாற்றிய அனுபவம்

எஞ்சின் சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதிதான் ஹெடர். சத்தம் கூடும், குதிரைத்திறன் கூடும் என்றுதான் பலரும் அதைத் தேடிப் போகிறார்கள். நான் தேடியது வேறொரு குறையைத் தீர்க்க. என்னிடம் இருப்பது 2013 மாடல் சையன் எஃப்ஆர்-எஸ். டொயோட்டாவும் சுபாருவும் கூட்டாக உருவாக்கிய கார் அது. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்ற பெயர்களில் ஓடுவதும் ஏறக்குறைய இதே வண்டிதான். சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் 1,998 சிசி பாக்ஸர் எஞ்சின், நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 200 குதிரைத்திறன், சுமார் 1,250 கிலோ எடை, பின்சக்கர இழுவை. வளைவுகளில் இவ்வளவு இணங்கிப் போகும் வண்டியை நான் இதுவரை ஓட்டியதில்லை.

ஆனால் 3,500 சுற்றுக்கும் 4,500 சுற்றுக்கும் நடுவே இந்த எஞ்சினுக்கு ஒரு பள்ளம் உண்டு. அதற்குக் கீழே இழுவை நன்றாக இருக்கும். மேலே போனால் இன்னும் நன்றாக இருக்கும். உச்ச முறுக்குவிசையான 205 நியூட்டன் மீட்டர் கிடைப்பதே 6,400 சுற்றில்தான். நடுவில் மட்டும் கால் அழுத்திக்கொண்டே இருக்க, வண்டி யோசிக்கும். டொராண்டோவில் 401 நெடுஞ்சாலையில் ஏறும் வளைவுப் பாதையில், மூன்றாம் கியரில், பின்னால் லாரி வரும்போது இந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. 2022இல் வந்த அடுத்த தலைமுறை காரில் எஞ்சினை 2.4 லிட்டராக்கி, உச்ச முறுக்குவிசையை 3,700 சுற்றுக்கே இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பள்ளம் தயாரிப்பாளர்களுக்கும் தெரிந்தே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பழைய காரை வைத்திருக்கும் எங்களுக்கு உள்ள வழி ஹெடரும் அதற்கேற்ற ஈசியூ டியூனும், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் கணக்கைத் திருத்தி எழுதுவதும்.

ஹெடர் எப்படி வேலை செய்கிறது என்று புரியாமல் வாங்கக் கூடாது. வெளியேற்று வால்வு திறக்கும்போதெல்லாம் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. சூடான வாயுவில் அதன் வேகம் விநாடிக்கு 500 மீட்டருக்கும் மேல். குழாய்கள் ஒன்றுகூடும் இடத்தில் வழி திடீரென அகலமாவதால், அலையின் ஒரு பகுதி தாழ்ந்த அழுத்தமாக மாறித் திரும்பி வருகிறது. வெளியேற்று வால்வும் உள்ளிழுப்பு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் சிறு இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை வெளியே உறிஞ்சிப் புதுக்காற்றையும் உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் உயர்ந்த அழுத்தம் வந்து சேர்ந்தால் புகை சிலிண்டருக்கே திரும்பும். எந்தச் சுற்றில் எது நடக்கும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் முடிவு செய்கின்றன. நீளமான குழாய் கீழ்ச்சுற்றில் உதவும், குட்டையானது மேல்சுற்றில். "பெரிய விட்டம், பெரிய சக்தி" என்று விற்பவர்கள் சொல்வார்கள். சாலையில் ஓடும் இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு அது நடுச்சுற்று இழுவையைக் கெடுக்கும் வழி.

பாக்ஸர் எஞ்சினில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதன் எரிப்பு வரிசை 1-3-2-4. ஒன்றும் மூன்றும் வலப்பக்கம், இரண்டும் நான்கும் இடப்பக்கம். அலைகள் சீராக வர வேண்டுமானால் 360 பாகை இடைவெளியில் எரியும் ஒன்றையும் இரண்டையும் இணைக்க வேண்டும், மூன்றையும் நான்கையும் இணைக்க வேண்டும். அதாவது குழாய்கள் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே கடந்து போக வேண்டும். இதுதான் சமநீள ஹெடர். அந்தந்தப் பக்கத்துச் சிலிண்டர்களை அங்கங்கேயே சேர்த்துவிட்டால் அது சமமற்ற நீளம். பழைய சுபாருக்களின் அந்தத் தடதட ஒலி அதிலிருந்து வருவது. அந்த ஒலியின் மேல் உயிரையே வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் அதற்காகவே வாங்கட்டும், ஒரு தவறும் இல்லை. எனக்கு வேண்டியது இழுவை. அதனால் நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் 4-2-1 சமநீள வகையை எடுத்தேன்.

புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி உள்ளதாகப் பார்த்து எடுத்தேன் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். இந்தக் காரில் முதன்மை வினையூக்கி மாற்றி ஹெடரோடு சேர்ந்தே வருகிறது. விலை குறைந்த ஹெடர்கள் பலவற்றில் அந்த இடம் வெறும் குழாய். ஒன்டாரியோவில் கார்களுக்கான டிரைவ் கிளீன் புகைச் சோதனை 2019இல் நின்றுபோனதால், இனி எதையும் கழற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சோதனைதான் நின்றது, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நீக்குவதைத் தடுக்கும் சட்டம் அப்படியே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் கடினம்: அந்த மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் இல்லாத ஹெடர், புகைச் சோதனையில் பார்வையிடும்போதே தோற்றுவிடும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், குழந்தைகள் விளையாடும் தெருவில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, வடிகட்டாத கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் விட்டுச் செல்ல எனக்கு மனம் வராது. சதுர அங்குலத்துக்கு 200 நுண்துளைகள் (செல்) உள்ள உலோக வினையூக்கி மாற்றி புகைக்குப் போதிய வழி விடுகிறது. அதற்காக இழக்கும் சக்தி, சாலையில் ஓட்டுபவருக்குத் தெரியாத அளவே.

உண்மையான வேலை ஹெடர் பெட்டி வந்து இறங்கியபோதே தொடங்கியது. ஹெடரை எஞ்சினோடு பொருத்தும் தகடான ஃபிளாஞ்சை ஒரு நேரான எஃகுச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். இடைவெளி அளக்கும் 0.25 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் ஒரு முனையில் தாராளமாக நுழைந்தது. வெல்டிங் சூட்டில் தகடு வளைந்திருக்கிறது. விற்றவர்களிடம் சொன்னபோது, "போல்ட் இறுக்கினால் சரியாகிவிடும்" என்றார்கள். ஆகாது. எஞ்சினின் அலுமினியத் தலைப்பகுதியில் பதிந்த ஸ்டட்டுகளை (தலையில்லாத மரையாணிகள்) கொண்டு தடிமனான எஃகுத் தகட்டை வளைத்து நேராக்க முயன்றால், கடைசியில் விட்டுக்கொடுப்பது அலுமினியத்தின் மரைதான். மெஷின் ஷாப் ஒன்றில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்கினேன். ஹெடரோடு வந்த கேஸ்கெட்டுகளும் (இணைப்பில் கசிவை அடைக்கும் தகடுகள்) பயன்படவில்லை. அவற்றின் துளை, தலைப்பகுதியின் துளையைவிடச் சிறியது, புகையின் வழியிலேயே ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கார் நிறுவனத்தின் அசல் அடுக்கு உலோக கேஸ்கெட்டுகளை வாங்குங்கள். புதிய ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் சேர்த்தே வாங்குங்கள். வேலை நடுவில் நிற்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மாலையில், எந்தக் கடையும் திறந்திருக்காது.

கழற்றும் வேலையில்தான் இந்த ஊரின் குளிர்காலம் தன் கணக்கைக் கேட்கிறது. சாலையில் கொட்டும் உப்பு காரின் அடியில் ஏறி, எஃகு ஸ்டட்டும் அலுமினியத் தலைப்பகுதியும் தொடும் இடத்தில் அரித்து இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. நல்ல வேளையாக, பாக்ஸர் எஞ்சினில் புகைத் துளைகள் கீழ்நோக்கி இருப்பதால், காரை உயர்த்தினால் நட்டுகள் நேராகக் கண்முன் இருக்கும். கெட்ட வேளையாக, உப்புத் தண்ணீரும் அவற்றின் மேல்தான் தெறிக்கிறது.

எனக்குத் துணை வந்தவர், பல ஆண்டுகள் பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். காரை ஜாக்கியில் தூக்கி, நான்கு தாங்கிகளில் நிறுத்தி, ஒவ்வொரு மூலையையும் தோளால் தள்ளிப் பார்த்த பிறகே அவர் என்னை அடியில் போகவிட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே நீட்டக் கூடாது என்பது அவருடைய சட்டம். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். முந்தைய நாளே நட்டுகளில் துருவிளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டிருந்தேன். படுத்துக்கொண்டு மேலே பார்த்துச் செய்யும் வேலை என்பதால் துரு நேராகக் கண்ணில் விழும். முழுதாக மூடும் கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

நான் சாக்கெட்டை மாட்டி இடப்பக்கம் திருப்பப் போனபோது அண்ணன் தடுத்தார்.

"தம்பி, முதலில் ஒரு மயிரிழை இறுக்கு. பிறகு கழற்று."

காரணம் எளிது. பிடித்திருக்கும் துருவை உடைக்க எந்தத் திசை அசைவும் போதும். இறுக்கும் திசையில் சின்ன அசைவு கொடுத்தால் ஸ்டட்டை முறிக்காமல் அந்தப் பிணைப்பு விடும். அதன்பின் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் தெளித்து, மறுபடியும் கழற்ற வேண்டும். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு முனைச் சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழித்துவிடும். காற்றழுத்தத் துப்பாக்கியைக் கொண்டு அடித்துக் கழற்றினால் நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் ஸ்டட் தலைப்பகுதியின் மட்டத்தோடு முறிந்தால், எதிர்த்திசையில் சுழலும் துளையாணியும் வெல்டிங்கும் கொண்டு அதை எடுக்க ஆகும் செலவு ஹெடரின் விலையையே எட்டிவிடலாம். கையால் பிடிக்கும் நீண்ட கைப்பிடியில் நட்டு விடப்போகிறதா, முறியப்போகிறதா என்பது உள்ளங்கைக்குத் தெரியும். முறியும் முன் எஃகு பஞ்சு போல நெகிழும். அந்த நெகிழ்ச்சி வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டு நட்டுகள் அசையவே இல்லை. அவற்றுக்குச் சூடு தேவைப்பட்டது. எண்ணெய் தெளித்த இடத்தில், பெட்ரோல் குழாய்களும் பிளாஸ்டிக்கும் உள்ள எஞ்சின் அடியில் தீச்சுடரைக் கொண்டுபோக நான் ஒப்பவில்லை. மின்தூண்டல் முறையில் நட்டை மட்டும் சிவக்கச் செய்யும் சுருள் கருவியை வாடகைக்கு எடுத்தோம். அதற்கும் முன்பு எண்ணெயை நன்றாகத் துடைத்தெடுத்து, தீயணைப்பானைக் கையருகில் வைத்துக்கொண்டோம். சூடேறிய நட்டு விரிந்ததும் பிணைப்பு விட்டது. அதில் ஒன்று ஸ்டட்டையும் சேர்த்தே வெளியே கொண்டுவந்தது. அது நல்ல செய்திதான்: மரை கெடாமல் வந்த ஸ்டட்டுக்குப் பதில் புதியதைப் போடுவது சில நிமிட வேலை.

ஆக்ஸிஜன் சென்சார்கள் இரண்டையும் பக்கவாட்டில் பிளவுள்ள சாக்கெட்டால் கழற்றினோம். முன்னது காற்று-எரிபொருள் விகிதத்தை அளப்பது, பின்னது வினையூக்கி மாற்றியைக் கண்காணிப்பது. இடம் மாறிவிடாமல் இருக்கக் கழற்றும்போதே வண்ண நாடா ஒட்டினோம். சென்சாரின் முனையில் எண்ணெயோ சிலிக்கோன் பசையோ படவே கூடாது. பட்டால் அது பொய் சொல்லத் தொடங்கும்.

பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன். சுழலும் உராய்வுத் தட்டைப் பயன்படுத்தினால் மென்மையான அலுமினிய முகத்தில் குழி விழும், பிறகு எந்த கேஸ்கெட்டும் அங்கே அடைக்காது. புதிய ஹெடரைக் குளோரின் இல்லாத பிரேக் கிளீனரால் துடைத்தேன். குளோரின் உள்ள வகை சூடான உலோகத்தில் பட்டால் கொடிய நச்சுவாயு உண்டாகலாம். கைரேகையும் மிச்சமிருந்தால் முதல் சூட்டிலேயே துருப்பிடிக்காத எஃகில் பழுப்புக் கறையாகச் சுட்டுப் பதிந்துவிடும், பிறகு போகாது.

பொருத்தும்போது நான் மிகவும் மதிக்கக் கற்றுக்கொண்டது வெப்ப விரிவை. அரை மீட்டர் நீளமுள்ள 304 வகை எஃகுக் குழாய் 600 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் வெல்டு விரிசல் விடும். ஆகவே எந்த நட்டையும் உடனே முழுதாக இறுக்கக் கூடாது. எல்லா நட்டுகளையும் கையால் மாட்டி, பின்முனை இணைப்பையும் தாங்கு பிராக்கெட்டையும் தளர்வாகவே விட்டு, ஹெடர் தானாக எங்கே நிற்க விரும்புகிறது என்று பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு துளையைச் சேர்க்கக் கடப்பாரை தேவைப்பட்டால், குழாய் இழுபட்ட நிலையில் நிற்கப்போகிறது என்று பொருள். அப்போது பிராக்கெட்டின் துளையை அரத்தால் நீட்டுவதே சரி. எங்களுக்கும் அப்படியே நேர்ந்தது. பிறகு தலைப்பகுதி நட்டுகளை இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் சுற்றுமுறையில், பல கட்டங்களாக, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்கி, அதன்பின் பின்முனை, கடைசியாக பிராக்கெட். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

சென்சார் கம்பிகளை ஹெடரிலிருந்து தள்ளி, அசல் கிளிப்புகளிலேயே மாட்டினேன். நைலான் கட்டு நாடா சூட்டில் உருகி, கம்பி குழாயின் மேல் விழும். பழைய ஹெடரில் இருந்த வெப்பத் தடுப்புத் தகடுகள் புதியதில் இல்லை என்பதால் இது அதிகமாகவே பொருந்தும். கண்ணாடியிழை நாடாவைக் குழாயில் சுற்றும் வழக்கத்தை இங்கே யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உப்புத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளேயே குழாயைத் தின்னும். பணம் இருந்தால் செராமிக் பூச்சு பூசி வாங்குவது நல்லது.

கிளப்பும் முன்பே கசிவைச் சோதிக்கலாம். காற்றை வெளியே தள்ளும் நிலையில் வைத்த வாக்குவம் கிளீனரைப் பின்புறக் குழாயில் துணியால் அடைத்து மாட்டி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், குமிழி எங்கே வருகிறதோ அங்கே கசிவு. பின் இணைப்பில் வந்தது. ஒரு முறை தளர்த்தி மீண்டும் இறுக்கியதும் நின்றது. இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களுக்குப் பிறகு குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்ற சத்தம் கேட்கும், சூடேறியதும் மறையும், அதனால் பழகிவிடும். பழகக் கூடாது. சென்சாருக்கு முன்னால் உள்ள கசிவு, அலைகளுக்கு நடுவே வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும்; கலவையில் எரிபொருள் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும்; ஈசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். போதாததற்கு கார்பன் மோனாக்சைடு காருக்குள்ளே வரலாம். அதற்கு நிறமும் மணமும் இல்லை.

முதல் கிளப்பலைத் திறந்த வெளியில் செய்தோம். புதிய குழாயில் மிச்சமிருந்த எண்ணெய் எரிந்து சற்று நேரம் புகை வந்தது. முழுதாகச் சூடேற்றி, மறுநாள் வரை ஆறவிட்டு, எல்லா நட்டுகளையும் மீண்டும் டார்க் ரெஞ்சால் பார்த்தோம். சில நட்டுகள் கொஞ்சம் திரும்பின. கேஸ்கெட் அமர்வதால் இது எதிர்பார்த்ததே.

இந்த நிலையில் காரை ஓட்டிப் பார்த்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும். எனக்கும் அப்படித்தான். மேல்சுற்றில் கொஞ்சம் சுறுசுறுப்பு வந்திருந்தது, பள்ளமோ பெரிதாக மாறவில்லை. ஏனென்றால் எரிபொருள், தீப்பொறி நேரம், வால்வு நேரம் எல்லாம் பழைய ஹெடருக்காக எழுதப்பட்டவை. இந்த எஞ்சினில் உள்ளிழுப்பு, வெளியேற்று இரண்டு பக்க வால்வு நேரத்தையும் மாற்ற முடியும். புது அலைகள் எப்போது வந்து சேர்கின்றன என்பதற்கேற்ப அந்த நேரத்தைத் திருத்தி எழுதும்போதுதான் ஹெடர் வேலை செய்யத் தொடங்குகிறது. டியூனுக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் ஹெடருக்கும் செலவழிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு பாதிகள்.

டியூன் செய்பவரிடம் போகும் முன் காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில், ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் எரிபொருள் திருத்த அளவைப் பார்த்து, அது பழைய நிலையை ஒட்டியே இருப்பதை உறுதிசெய்துகொண்டேன். கசிவுள்ள காருக்கு எழுதும் டியூன் அந்தக் கசிவுக்கான டியூனாகவே இருக்கும். எப்போதும் போடும் 91 ஆக்டேன் பெட்ரோலையே நிரப்பிக்கொண்டு போனேன். 94 போட்டு டியூன் எழுதி வாங்கிவிட்டு, பிறகு 91 நிரப்பி ஓட்டுவது 12.5:1 அழுத்த விகிதம் உள்ள எஞ்சினுக்கு ஆபத்து, கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் தட்டல் வரும். சக்தியை அளக்கும் ஒரே டைனோ இயந்திரத்தில், ஒரே நாளில், டியூனுக்கு முன்னும் பின்னும் அளக்கச் சொன்னேன். வேறு வேறு இயந்திரங்களின் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை. வரைபடத்தில் உச்சிகளை நான் பார்க்கவேயில்லை, 3,500க்கும் 4,500க்கும் நடுவே மட்டும் பார்த்தேன். பள்ளம் ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. ஆனால் பெரும்பகுதி நிரம்பியிருந்தது. 401இல் ஏறும்போது இப்போது கியரைக் குறைக்க வேண்டியிருப்பதில்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்தேன். பிறகு விபத்து நேர்ந்து அவர்கள் கண்டுபிடிப்பதைவிட இது மேல். குளிர்காலம் முடிந்து காரை வெளியே எடுக்கும்போது அடிப்பகுதியைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, நட்டுகளை ஒருமுறை பார்க்கிறேன்.

பழைய ஹெடரை விற்கவில்லை. விலைமதிப்புள்ள உலோகங்கள் உள்ள வினையூக்கி மாற்றிக்காக அதைக் கேட்டு வாங்கப் பழைய இரும்புக் கடைக்காரர்கள் வருவார்கள். கொடுத்துவிட வேண்டாம். காரை விற்கும்போது, அல்லது வேறு மாகாணத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே பரிசோதனை வேண்டியிருந்தால், அதையே திரும்ப மாட்ட வேண்டி வரலாம். துளைகளை நாடாவால் மூடி, வெப்பத் தகடுகளோடும், பெயர் எழுதிய பைகளில் போட்ட நட்டுகளோடும் நிலவறையில் வைத்திருக்கிறேன். அசல் ஈசியூ கோப்பின் நகலையும் டியூன் செய்தவரிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹெடரை மட்டும் திரும்ப மாட்டி, டியூனைப் பழையபடி மாற்றாமல் ஓட்டக் கூடாது.